அறுபத்தொன்பது கிலோமீட்டர் தாங்கிய சக்கரம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று மழுப்பினாய். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, நர்ஸுக்கே வைத்தியம் சொல்கிறாளே என்று சிரிக்காமல் செய். எலும்பு முறிவு வார்டில் இரண்டு பேர் வேலையை நீ ஒருவன் பார்ப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன்னோடு வேலை பார்க்கும் பெண் அன்றைக்குப் போனை வாங்கி, உங்க பையன் வார்டுல இருந்தா நோயாளிங்க வலின்னு கத்துறதே குறைஞ்சிடுதும்மா என்று சொன்னாள். அதை அப்பாவிடம் சொன்னேன், அன்று சாயங்காலமே அவர் எதிர்வீட்டு டீச்சரிடம் அதையே தான் நேரில் கேட்டது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னடா இது, போன் இருக்கும்போது அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுவாய், அப்புறம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானம் செய்வதிலேயே என் நேரம் போய்விடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைச் சுவரில் ஒழுகிய குழாயைப் பிளம்பர் மூன்று தடவை வந்து ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார், மூன்றாவது தடவை அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், அதனால்தான் சரியானது என்பது அவருடைய எண்ணம். அவர் முட்டிவலி பரவாயில்லை. பள்ளிப் பேருந்தை ஓட்டும்போது கிளட்ச் மிதிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறதாம், ஆனால் லீவு போடச் சொன்னால் பிள்ளைங்க தேடும் என்கிறார். எந்தப் பிள்ளை டிரைவரைத் தேடும் என்று கேட்டேன், மறுநாள் வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டார். சின்னவள் ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள், பரீட்சை நெருங்கியதும் அவளுக்கு வரும் வழக்கமான வயிற்றுவலி வந்துவிட்டது.

கடையில் மூச்சுவிட நேரமில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்பதால் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே நாலைந்து சைக்கிள்கள் வாசலில் நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே நோய், பரணில் தூங்கிய செயின், கட்டையாகிப்போன பிரேக். முதலாளி முன்னால் நின்று பேசுவார், பேச்சில் அவரை யாரும் மிஞ்ச முடியாது, உள்ளே நான் ஸ்டாண்டில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு வளைவை நிமிர்த்திக் கோட்டம் எடுத்துக்கொண்டிருப்பேன். இந்த வேலை என் கைக்கு வந்தது எப்படி என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது காலேஜில் இருந்தாய். நான் கடையில் சேர்ந்தது பில் போடத்தான். ஒரு நாள் மெக்கானிக் வேறு இடத்தில் வேலை கிடைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான், கொக்கியில் ஒன்பது சக்கரங்கள் தொங்குகின்றன, சனிக்கிழமை எல்லோரும் வந்து கேட்பார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றை இறக்கி, ஆரக்கம்பிகளை இறுக்கும் கம்பிச்சாவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதல் இரண்டு ரிம்மைக் கெடுத்தேன், மூன்றாவது எட்டு மாதிரி வந்தது, நாலாவது நின்றது. கம்பியை விரலால் சுண்டினால் வருகிற சத்தத்திலேயே இறுக்கமா தளர்வா என்று தெரிய ஆரம்பித்தது. ஒரு சக்கரம் ஒரு பக்கமும் ஆடாமல் கோடு போட்ட மாதிரி சுற்றும்போது எனக்குள் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, உன்னை முதன்முதலாக யூனிஃபார்மில் பார்த்தபோது வந்ததற்கு ஒரு படி கீழே என்று வைத்துக்கொள். கையில் கிரீஸ் ஏறினால் போவதில்லை, நகக்கண்ணெல்லாம் கறுப்பு, விசேஷ வீடுகளுக்குப் போனால் கையை மடக்கி வைத்துக்கொள்வேன். இப்போது அப்படி வைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், நீ உட்கார்ந்து படி. போன வருஷம் ஜல்லி கிடந்த திருப்பத்தில் நான் விழுந்து தோளில் காறை எலும்பு முறிந்தபோது நீ போனில் அழுதாய். கடைக்குப் போக வர ஓட்டும்மா, வேணாங்கல, ஆனா அந்த நெடுந்தூர ஓட்டம் மட்டும் வேணாம், நான் தினமும் இங்க பார்க்கிறேம்மா, எனக்கு வாக்கு குடு என்றாய். கொடுத்தேன். எட்டு மாதம் காப்பாற்றினேன். விடிகாலையில் நம் தெரு வழியாக சைக்கிள் கிளப்காரர்கள் ஓசையில்லாமல் சரசரவென்று போவார்கள், நான் சமையலறை ஜன்னலில் நின்று கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பேன். ஒன்பதாவது மாதம் என்னால் முடியவில்லை. காலையில் நடக்கப் போய்விட்டு வந்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, அத்தனையும் பொய். சைக்கிளில்தான் போனேன். முதலில் இருபது கிலோமீட்டர், அப்புறம் நாற்பது, அப்புறம் எண்பது. நீயும், நடக்கிறது ரொம்ப நல்லதும்மா, விடாதே என்று பாராட்டினாய். அப்புறம் கிளப்பில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் அறிவித்தார்கள், நான் பேர் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது பேப்பரைக் கீழே வைக்காமலே, பெரியவன்கிட்ட யார் சொல்றது என்று கேட்டார். நான்தான் என்றேன். எப்ப என்றார். முடிஞ்சதும் என்றேன். அப்ப சரி என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார், ஆனால் மறுநாள் பார்க்கிறேன், என் சைக்கிளின் பின்விளக்கை அவரே மாற்றி, அரை மைல் தூரத்துக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, வழியில் நாலு இடத்தில் அட்டையில் முத்திரை வாங்கி, சாயங்காலம் ஆறரைக்குள் திரும்ப வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் பட்டியலில் பேர் கிடையாது. எண்பத்து மூன்று பேரில் பெண்கள் ஆறு பேர், அதில் வயதானவள் நான்தான், ஐம்பத்தைந்து. பையில் வாழைப்பழம், அவித்த முட்டை, ஒரு மாற்று ட்யூப், கம்பிச்சாவி. இன்னொரு சின்ன சாமானும் இருந்தது. நம் வீட்டில் பற்பசை தீர்ந்தால் அந்த ட்யூப் குப்பைக்குப் போகாது, கத்தரித்துக் கழுவி என் சைக்கிள் பைக்குள் போகும், டயர் பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைத்து ஒட்டுப்போட அதைவிட நல்ல பொருள் கிடையாது. விடிந்து ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது எதிரே சூரியன், காற்றே இல்லை, கால்கள் தானாகச் சுற்றுகின்றன. தோள் வலிக்கும் என்று பயந்தேன், வலிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லிவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று ஒரு பக்கம் உறுத்தியது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். நூறாவது கிலோமீட்டரில் முத்திரை வாங்கும்போது நான் போட்ட கணக்குக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே இருந்தேன்.

நூற்று முப்பத்தொன்றாவது கிலோமீட்டர், மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம். என்னைத் தாண்டி விர்ரென்று போன ஒருத்தர் ஓரத்தில் மரத்தடியில் சைக்கிளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நிற்கிறார். பார்த்தால் பல் டாக்டர். இவர் ஒரு மாதத்துக்கு முன் கடைக்கு ஒரு சக்கரத்தோடு வந்து என்னைப் பார்த்து, ஏம்மா, மெக்கானிக் இல்லையா என்று கேட்டவர். நான்தாங்க என்றேன். அப்படியா, அப்புறம் வர்றேன் என்று சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் வரவேயில்லை. இப்போது பள்ளத்தில் இறங்கி, பின்சக்கரத்தில் இரண்டு கம்பி அறுந்து, ரிம் வளைந்து, டயர் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழிந்து, ட்யூப் வெடித்துக் கிடந்தது. கையிலிருந்த மாற்று ட்யூப்பைக் காலையிலேயே ஒரு பஞ்சருக்குப் போட்டுவிட்டாராம். என்னைப் பார்த்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், நீங்க போங்கம்மா, உங்களுக்கு நேரமாகும், நான் வீட்டுக்குப் போன் பண்ணிக்கிறேன் என்றார். எனக்கும் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சக்கரம் என் கண்முன் அப்படிக் கிடக்கும்போது கால் எப்படி நகரும்? நீ வார்டில் ஒருத்தர் கட்டு நழுவிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, என் டியூட்டி முடிந்தது என்று போவாயா? சைக்கிளைப் பிடிச்சுக்கோங்க டாக்டர், ஆடாம பிடிங்க என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அறுந்த கம்பி ஒன்று வெளியே வந்தது, இன்னொன்று வரவில்லை, அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டேன். மொத்தமே இருபத்து நாலு கம்பி உள்ள சக்கரம், அதில் இரண்டு போனால் நாற்காலிக்கு ஒரு கால் போன மாதிரி. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று இந்தப் பக்கம் இறுக்கி அந்தப் பக்கம் தளர்த்தினேன். கடையில் ஸ்டாண்டும் அளவுக் கம்பியும் இருக்கும், இங்கே பிரேக் கட்டைதான் அளவு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு எங்கே உரசுகிறது என்று காதை வைத்துக் கேட்கிறேன், வியர்வை கண்ணில் இறங்குகிறது. பற்பசை ட்யூப்பை எடுத்துக் கிழிசலுக்குள் வைத்தபோது டாக்டர் குனிந்து பார்த்து, இது நான் எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிற பேஸ்ட்டாச்சே என்றார். ஆமா டாக்டர், இன்னைக்கு உங்களுக்கே எழுதிக் குடுத்திருக்கேன் என்றேன். இருவரும் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தோம். என்னிடம் இருந்த ஒரே ட்யூப்பையும் போட்டுக் காற்றடித்து முடித்தபோது முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. சக்கரம் சுற்றியது, ஓர் இடத்தில் மட்டும் மெல்ல உரசியது. போதும்மா, இதுவே பெரிய விஷயம் என்று அவர் ஏறப் போனார். அப்போது உன் நினைப்பு வந்தது. அந்த உரசலோடு அவர் இறக்கத்தில் வேகமாகப் போய், ஒருவேளை இன்னொரு கம்பி அறுந்து சக்கரம் மடங்கினால், உன்னுடையது மாதிரி ஒரு வார்டில்தான் கிடப்பார், உன்னை மாதிரி ஒரு பிள்ளைதான் அவரைத் தூக்கிப் படுக்க வைக்கும். இறங்குங்க என்றேன். மறுபடி தலைகீழாக வைத்து, முதல் கம்பியிலிருந்து இன்னொரு முறை முழுசுற்று வந்தேன். அதற்குப் பதினைந்து நிமிஷம். உரசல் நின்றது. எழுந்து நின்னு மிதிக்காதீங்க, பள்ளத்துல இறக்காதீங்க, தாங்கும் என்றேன். சேர்ந்தே போகலாம், நான் முன்னால போய்க் காத்தை மறைக்கிறேன் என்றார். நீங்க என் வேகத்துக்கு வந்தா ரெண்டு பேருக்கும் நேரம் தாண்டிடும், பேசாம போங்க என்று விரட்டிவிட்டேன்.

அப்புறம் எதிர்க்காற்று ஆரம்பித்தது. அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை, நீ கவலைப்படுவாய். யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி நாலு மணி நேரம். கால் பிடித்துக்கொண்டது, இரண்டு தடவை இறங்கி உதறினேன். ஒன்பது கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது மணி ஆறு ஆகிவிட்டது, எதிரே ஒரு மேடு, கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, முடியாது. அங்கேயே அப்பாவுக்குப் போன் செய்து ஒரு வேனை வரச்சொல்லி ஏறியிருக்கலாம். அந்தப் பதினைந்து நிமிஷம் இருந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன், அதை நினைத்து வயிறு எரிந்தது என்பதும் நிஜம்தான். ஆனால் அறுந்து போனது நேரம்தானே, நானில்லையே என்று சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

முடிகிற இடத்துக்கு வந்தபோது ஆறு மணி முப்பத்தொன்பது. கைதட்ட யாரும் இல்லை. பதினைந்து இருபது பேர் ஒரு மேசையைச் சுற்றி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள். எட்டிப் பார்த்தால் மேசையில் டாக்டரின் பின்சக்கரம். அவர் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டாராம், அந்த ஒட்டுப்போட்ட சக்கரம் அறுபத்தொன்பது கிலோமீட்டர் ஒரு மில்லிமீட்டர் நகராமல் வந்திருக்கிறது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அச்சைப் பிடித்துச் சுற்றிப் பார்க்கிறார்கள், ரெண்டு கம்பி இல்லாம இது எப்படிங்க நேரா ஓடுது, ரோட்டோரத்துல யார் செஞ்சது என்று ஒருத்தர் கேட்கிறார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், என் சம்சாரம்தாங்க, அவ சைக்கிள் மெக்கானிக், பதினோரு வருஷமா. உன் அப்பா குரல் அது. சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும், ஒரு கடைல வேலை பார்க்கிறா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிற அதே மனுஷன். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, தூசி விழுந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்புறம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்பது நிமிஷம் லேட்டு என்றார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அட்டை வாங்குகிறவர் சங்கடத்தோடு, மன்னிக்கணும்மா, விதி அப்படி என்று பேரின் மேல் கோடு போட்டார். போடுங்க, கோட்டம் இல்லாம நேரா போடுங்க என்றேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கடைக்கு வந்து சக்கரத்தை என் மேசையில் வைத்தார். நீங்களே முழுசா அவிழ்த்துப் புதுசா கட்டிக் குடுங்க, அந்தப் பேஸ்ட் ட்யூப்பை மட்டும் எனக்குத் தந்துடுங்க, கிளினிக்ல வைக்கணும் என்றார். முதலாளி உடனே செஞ்சுடலாம் சார் என்று ஆரம்பித்தார், நான் குறுக்கிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வண்டி வரிசைல இருக்கு டாக்டர், வெள்ளிக்கிழமை வாங்க என்றேன். சரிங்கம்மா என்று போனார். முதலாளி அந்தச் சக்கரத்தை எடுத்து வரிசையின் கடைசிக் கொக்கியில் மாட்டினார்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. பொய் சொன்னது தப்பு. உனக்குக் கோபம் வந்தால் முழுதாக எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன், அப்பாவையும் படிக்கச் சொல்வேன். ஆனால் அந்த வாக்கை நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், இனி மறைத்துச் செய்ய என்னால் ஆகாது. நீ பார்ப்பதெல்லாம் விழுந்தவர்களை. அன்றைக்குப் புறப்பட்ட எண்பத்து மூன்று பேரும் பத்திரமாக வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், அவர்களில் ஒருவர்கூட எந்த வார்டுக்கும் வரப்போவதில்லை, அதனால் உன் கண்ணில் படவும் மாட்டார்கள். உன் பயம் தப்பென்று நான் சொல்லவில்லை. நீ அந்தப் பயத்தோடு வேலை பார்ப்பதால்தான் உன் கையில் இருக்கிறவர்கள் கத்தாமல் இருக்கிறார்கள், உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வராது, இங்கே எழுதிவிட்டேன். அதே மாதிரி நீயும் என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுப் பார், பயம் தானாக ஓரத்துக்குப் போகும். எப்போது கிளம்புகிறேன், எந்த வழி, எப்போது திரும்பினேன் என்று இனி ஒவ்வொரு தடவையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். பொய்யாக நடக்கப் போக மாட்டேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், உன் கை தொட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடக்கும்படி நீ நூறு வருஷம் நன்றாக இரு. அப்பாவும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னார். அடுத்த மாதம் உனக்கு லீவு உண்டா என்று உன் மேலதிகாரியிடம் கேட்டு வை, கூச்சப்படாதே. அந்தத் தொண்டைக்கட்டு இன்னும் விடவில்லை என்றால் உன் ஆஸ்பத்திரியிலேயே காட்டிக்கொள்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
உன் அம்மா,
சைக்கிள் மெக்கானிக்.